பதினெட்டாம் மாடியில் ஒரு வாய் தண்ணீர்

உச்சியண்ணன் காலையில் ஏணியில் கால் வைப்பதற்கு முன்னால் செய்கிற கடைசி வேலை, மனைவி கொடுத்தனுப்பிய தண்ணீரை வேலையிடத்து வாசல் நாய்க்கு ஊற்றுவது. இரண்டு லிட்டர் பாட்டில். காவலாளியின் நசுங்கிய அலுமினியச் சட்டியில் நாய்க்குப் போக மிச்சத்தை மணல் குவியலின் மேல் கவிழ்த்துவிடுவார். ஊரே வெயிலில் நாக்குத் தள்ளிக்கொண்டு அலைந்த அந்தக் கோடையில், தாகம் என்றால் என்னவென்றே தெரியாமல் இருந்த ஒரே ஜீவன் அந்த நாய்தான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மனைவி பாட்டிலை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பாள்.

"முழுசும் குடிச்சீங்களா?"

"பாட்டிலைப் பாத்தா தெரியலையா?"

"இந்தப் புத்தி முன்னாடியே வந்திருக்கலாம்" என்பாள், முகமெல்லாம் சந்தோஷமாக. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் உச்சியண்ணனுக்குப் பொய் சொல்கிறோமே என்று படுக்கும்வரை உறுத்தும். மறுநாள் காலையில் நாய் வாலாட்டிக்கொண்டு காத்திருக்கும்.

மனிதர் கெட்டவர் இல்லை. வேலை அப்படி. கட்டடம் கட்டுகிற இடங்களில் வானத்தில் ஒற்றைக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறதே டவர் கிரேன், அதை ஓட்டுகிறவர் அவர். தரையிலிருந்து அறுபது மீட்டருக்கு மேலே, ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டு. நாலு பக்கமும் கண்ணாடி, காலுக்குக் கீழேயும் கண்ணாடி. ஏணியில் ஏற இருபது நிமிஷம், இறங்கப் பதினைந்து. நடுவில் ஒரு தடவை ஒன்றுக்குப் போக வேண்டுமென்று இறங்கினால் முக்கால் மணி நேரம் போய்விடும். அதுவரை கம்பியும் பலகையும் மேலே வராது. இருநூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார்கள். யாரும் திட்ட மாட்டார்கள். வாக்கிடாக்கியில் எவனாவது ஒருவன், "அண்ணனுக்கு அவசரமாம்" என்பான். எல்லார் கையிலும் இருப்பது ஒரே அலைவரிசை. அது போதாதா மானம் போக?

அதனால் கிரேன்காரர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ஏறுகிற அன்று விடிந்ததிலிருந்து தொண்டையை நனைப்பதில்லை. குடித்தால்தானே போக வேண்டும்? இருபத்தோரு வருஷம் உச்சியண்ணன் இதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தார். "காலைல ஏறினா மத்தியானம்தான் தரையை மிதிப்பேன்" என்பார், ஏதோ மலையைப் புரட்டியவர் மாதிரி.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை வந்தது. சர்க்கரைக்கு இந்தப் பழக்கமெல்லாம் தெரியவில்லை. குடித்தாலும் ஒன்றுக்கு வந்தது, குடிக்காவிட்டாலும் வந்தது. வாய் எந்நேரமும் துணியைக் கவ்விக்கொண்டிருப்பது போல உலர்ந்து கிடந்தது. பேருந்து நிலையத்துப் பக்கத்தில் சின்ன கிளினிக் வைத்திருந்த டாக்டரம்மா பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, பொறுமையாகத்தான் சொன்னார்.

"ரத்தத்துல சுகர் கூடினா உடம்பு அதை மூத்திரத்துல தள்ளும். கூடவே தண்ணியும் போயிடும். இந்த வெயில்ல வேர்வையிலயும் போகுது. நீங்க குடிக்காம இருந்தா சுகர் இன்னும் கெட்டியாகும், இன்னும் தள்ளும். இது ஒண்ணை ஒண்ணு துரத்திக்கிட்டே போகும். மணிக்கு ஒரு டம்ளர், வெறும் தண்ணி. தாகம் எடுக்கட்டும்னு காத்திருக்கக் கூடாது. என்ன வேலை பாக்குறீங்க?"

"உட்கார்ந்த வேலைதான்" என்றார் உச்சியண்ணன். பொய்யில்லை.

"அப்போ என்ன கஷ்டம்? பக்கத்துலயே தண்ணி வச்சுக்குங்க. எழுந்து நாலடி நடந்தா பாத்ரூம்."

நாலடி நடந்தால் நேரே பரலோகம் என்பதை அவர் டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு மாத்திரையோடு வந்துவிட்டார். மனைவியிடம் மட்டும் சொன்னார், அவளிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார். வேலை செய்கிற இடத்தில் மூச்சு விடவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை கிரேன்காரர்களுக்கு உடல்தகுதிச் சோதனை உண்டு. போன தடவை நாலு நாள் பட்டினியும் பாதியுமாகக் கிடந்து, எப்படியோ ஒப்பேற்றிவிட்டார். அவருக்கு முன்னால் இதே கம்பெனியில் கிரேன் ஓட்டிய ஒருவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும், கீழே சாமான் அறையில் ஆணி, போல்ட்டு எடுத்துக் கொடுக்க உட்கார வைத்துவிட்டார்கள். விதி உண்மையில் என்ன சொல்கிறது என்று யாரும் படித்துப் பார்த்ததில்லை. அந்த மனிதர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மேலே காற்று எப்படி என்று விசாரித்துக்கொண்டிருப்பார். உச்சியண்ணன் அந்த அறைப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவார். கூண்டைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது அவருக்கு. கூண்டை விட்டால் அவர் உச்சியண்ணனே இல்லை.

இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொண்டது. ஆத்திர அவசரத்துக்கென்று கிரேன்காரர்கள் எல்லாருமே கூண்டில் ஒரு காலி பாட்டில் வைத்திருப்பார்கள். வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். கட்டடம் பத்தாம் மாடியில் இருக்கும்வரை உச்சியண்ணனும் அப்படித்தான் சமாளித்தார். சுற்றிலும் ஆகாசம், யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் கட்டடம் வளர்ந்தது. அவரே ஒவ்வொரு கம்பியாகத் தூக்கிக் கொடுத்து வளர்த்த கட்டடம், பதினெட்டாம் மாடிக்கு வந்ததும் அவர் முகத்துக்கு எதிரே வந்து நின்றுகொண்டது. கூண்டுக்கும் தளத்துக்கும் நடுவே முப்பது அடி. அந்தத் தளத்தில் கம்பி கட்டுகிற பெண்கள் எட்டுப் பேர், காங்கிரீட்காரர்கள் ஐந்து பேர். எல்லாருக்கும் முன்னால், கையில் வாக்கிடாக்கியோடு விசிலக்கா.

விசிலக்காதான் கிரேனுக்கு சைகை காட்டுகிறவர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். உச்சியண்ணன் அவரை அக்கா என்பார், அவர் உச்சியண்ணனை அண்ணே என்பார், இதில் யார் மூத்தவர் என்று இருவருக்கும் தெரியாது. விசிலக்காவுக்குச் சம்பளமே உச்சியண்ணனை இமைக்காமல் பார்ப்பதற்குத்தான். இப்படி எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பொம்பளைக்கு எதிரே, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துகொண்டு, பாட்டிலை எடுப்பதா? அதற்குச் செத்துப் போகலாம் என்று நினைத்தார் உச்சியண்ணன். அடுத்த மாதம் கிரேனை இன்னும் உயர்த்துவார்கள், கூண்டு மறுபடி மேலே போய்விடும், அதுவரை பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். அப்போதுதான் நாய்க்கு யோகம் அடித்தது.

போதாக்குறைக்கு மேஸ்திரியின் அன்பு வேறு. வெயில் ஏறினதிலிருந்து ஏணியடியில் ஒரு பெரிய நீல டிரம்மில் குளுக்கோஸ் கலந்த தண்ணீர் வைத்து, மேஸ்திரி தன் கையாலேயே எல்லாருக்கும் மொண்டு கொடுப்பார். மத்தியானம் உச்சியண்ணன் இறங்கி வந்தால் தனி மரியாதை.

"அண்ணன் சூரியனுக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்காரு. அவருக்கு ரெண்டு கரண்டி கூடப் போடணும்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன பதில்? அரை நாள் காய்ந்த தொண்டைக்கு அது அமிர்தமாகவும் இருந்தது. நாலு பேர் பார்க்க, சிரித்த முகத்தோடு இரண்டு டம்ளர் சர்க்கரையை மடக்கு மடக்கென்று குடிப்பார். பிறகு ஏறுவார். ஏறி உட்கார்ந்த ஒரு மணி நேரத்தில் தாகம் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும். டாக்டரம்மா சொன்ன துரத்தல் இதுதான் என்று அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்து என்ன செய்ய?

தூண்களுக்குக் காங்கிரீட் போடுகிற நாள் வந்தது. காங்கிரீட்டை மேலே தள்ளுகிற பம்பு பழுதாகிவிட்டதால் எல்லாம் வாளியில்தான் போக வேண்டும். வாளி என்றால் வீட்டு வாளி இல்லை, ஆள் உயரத்துக்கு இரும்பில் செய்தது, நிரம்பினால் இரண்டு டன். தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது, காங்கிரீட் இறுகிவிடும். காலையிலேயே மேஸ்திரி சொல்லிவிட்டார்.

"அண்ணே, இன்னிக்கு மத்தியான இறக்கம் கிடையாது. இப்பவே ரெண்டு டம்ளரா குடிச்சிட்டுப் போயிடுங்க."

குடித்தார். அன்று முழுவதற்கும் அவர் வயிற்றில் இருந்த ஈரம் அந்தக் குளுக்கோஸ் மட்டும்தான். ஆறரைக்கு வேலை தொடங்கியது. எட்டு மணிக்குத் தளத்து ஆட்கள் சாப்பிட மறுபக்கம் போன பத்து நிமிஷத்தில், திருடனைப் போல பாட்டிலை எடுத்து அவசரத்தை முடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு முட்டவே இல்லை. பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று, ஒன்றுமில்லை. உடம்பு ஒருவழியாகச் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டது என்று அவருக்கு உள்ளூர ஒரே குஷி.

பதினொன்றரைக்குக் கூண்டுக்குள் இருந்த மின்விசிறி வெந்நீர் அடுப்பிலிருந்து வருவது போன்ற காற்றைத்தான் வீசிக்கொண்டிருந்தது. சட்டை முதலில் நனைந்தது, பிறகு அதுவும் காய்ந்து உப்புப் பூத்தது. கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொண்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது சத்தம் வந்தது. முப்பத்தோராவது வாளியைத் தூக்கும்போது, கீழே தெரிந்த வாளி இரண்டாகத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டார். ஒன்றானது. தளத்துக்கு மேலே கொண்டுவந்தபோது மறுபடி இரண்டானது.

"இடது பக்கம், மெதுவா" என்றார் விசிலக்கா.

உச்சியண்ணன் கை வலது பக்கம் போயிற்று.

விசில் வீறிட்டது. கம்பி கட்டுகிற பெண்கள் குனிந்து சிதறினார்கள். இரண்டு டன் வாளி அவர்கள் நின்ற இடத்துக்கு மேலே ஊஞ்சல் மாதிரி போய் வந்தது. ஒரு பெண்ணின் தலைக்கவசத்துக்கும் வாளிக்கும் நடுவே ஒரு முழம்கூட இருந்திருக்காது.

"அண்ணே, என்ன ஆச்சு? இடது சொன்னேனே."

"காத்து" என்றார் உச்சியண்ணன். காற்று ஒரு இலையைக்கூட அசைக்கவில்லை. விசிலக்கா எதிரே இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் தெரியவில்லை, முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் கலங்கல்தான் தெரிந்தது. வாயைத் திறந்தால் கூண்டு போய்விடும். திறக்காவிட்டால் அடுத்த தடவை அந்த ஒரு முழமும் இருக்காது. வாளியோ இறக்கியும் இறக்காமலும் அந்தரத்தில் தொங்குகிறது. கையை எடுத்துவிட்டு ஓடவும் முடியாது, ஓட இடமும் கிடையாது.

பொத்தானை அழுத்தினார்.

"அக்கா, எல்லாரையும் அந்தப் பக்கம் அனுப்பிடுங்க. எனக்குக் கண்ணு சரியா தெரியல. நீங்க சொல்லச் சொல்ல, உங்க கண்ணை வச்சு இந்த வாளியைக் கீழே காலி இடத்துல இறக்கிடுறேன்."

விசிலக்கா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒரு விசில், எல்லாரும் ஒதுங்கினார்கள். வலது, இன்னும் வலது, நில்லுங்க, இறக்குங்க, இறக்குங்க, மெதுவா. கண் தெரியாதவனைக் கைப்பிடித்துப் படி இறக்குவது மாதிரி அந்த வாளியைத் தரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வாளி தரையைத் தொட்டு வடம் தளர்ந்ததும் உச்சியண்ணன் சாவியைத் திருப்பினார். இயந்திரம் நின்றது. அத்தனை சத்தத்துக்குப் பிறகு வந்த அமைதி காதில் அறைந்தது.

"எனக்கு சுகர் இருக்கு" என்றார். "ஒன்றரை வருஷமா. யார்கிட்டயும் சொல்லல. நேத்திலிருந்து நல்ல தண்ணி குடிக்கல. இன்னைக்கு இனிமே தூக்க மாட்டேன்."

இருநூறு பேர் கேட்டார்கள். பிறகு என்ஜினியர் குரல் வந்தது, இளகிய குரல்தான்.

"அண்ணே, இன்னும் ஒன்பதே வாளி. தூண் பாதியில நிக்குது. கொஞ்சம் உட்கார்ந்துட்டு முடிச்சுக் குடுத்துடுங்களேன்."

"சாவியைக் கழட்டிட்டேன் சார்."

என்ஜினியர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. "சரி. எலெக்ட்ரீஷியன் மேலே போகட்டும். அவரைப் பத்திரமா இறக்கிட்டு, சாவியை வாங்கிட்டு வரட்டும்."

அவ்வளவுதான். இருபத்தோரு வருஷம் ஒரு வாக்கியத்தில் முடிந்தது. உச்சியண்ணனுக்கு அழுகை வந்தது, ஆனால் கண்ணில் ஈரம் வரவில்லை.

"குளுக்கோஸ் குடுத்தனுப்பட்டுமா அண்ணே?" மேஸ்திரி பதறிக்கொண்டு கேட்டார்.

"உங்களுக்குப் புண்ணியமா போகும் மேஸ்திரி, அதை மட்டும் என் கண்ணுல காட்டாதீங்க."

யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். விசிலக்கா சிரிக்கவில்லை.

"ஏண்ணே தண்ணி குடிக்கல? யாரு தடுத்தா?"

போனது போகட்டும், மிச்சமிருந்த மானத்தையும் எடுத்து வைத்தார். "குடிச்சா போகணும் அக்கா. இறங்க முடியாது. இங்கேயே ஏதாவது பண்ணலாம்னா, எதிர்ல நீங்க எல்லாரும் இருக்கீங்க."

விசிலக்கா வாக்கிடாக்கியைக் கீழே இறக்கினார். பக்கத்துப் பெண்களிடம் ஏதோ சொல்வது மங்கலாகத் தெரிந்தது. பிறகு கம்பி கட்டுகிற எட்டுப் பெண்களும், காங்கிரீட்காரர்களும் ஒவ்வொருவராக, கிரேனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். கடைசியாக விசிலக்காவும் திரும்பிக்கொண்டார்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா தினமும் திரும்பியிருப்போமே" என்றார், திரும்பி நின்றபடியே. "போங்கண்ணே. யாரும் பாக்கல."

உச்சியண்ணனுக்குத் தாங்கவில்லை. இவ்வளவுதானா? இதற்காகவா ஒரு கோடை முழுவதும்? பாட்டிலை எடுத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதினான்கு முதுகுகள் வெயிலில் வரிசையாக நின்றன. அந்தக் கோடையில் எத்தனையோ தடவை வேண்டிக்கொண்ட மறைவு இப்போது தானாக வந்து நின்றது.

ஒரு சொட்டு வரவில்லை.

முக்கிப் பார்த்தார். காத்திருந்தார். எட்டு மணிக்குப் பிறகு உடம்பு கீழ்ப்படிந்ததாக நினைத்துக் குஷிப்பட்டது ஞாபகம் வந்தது. அது கீழ்ப்படியவில்லை, வற்றிவிட்டது. கொடுப்பதற்கு உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. வேலை போகும் என்று ஒன்றரை வருஷம் பயந்த மனிதருக்கு, அந்த நிமிஷத்தில்தான் உயிர் போகும் என்கிற பயம் முதன்முதலாக வந்தது. அதற்கு முன்னால் மற்ற பயமெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டாக இருந்தது.

பொத்தானை அழுத்தினார். பெருமை, வெட்கம் எதுவும் அந்தக் குரலில் இல்லை.

"அக்கா, வரமாட்டேங்குது. எனக்குத் தண்ணி வேணும். வெறும் தண்ணி. சீக்கிரம் குடுத்தனுப்புங்க."

ஆனால் முப்பது அடிக்கு நடுவே வெறும் ஆகாசம். தளத்தில் இருந்த பெண்கள் கையில் தண்ணீர் கேன் இருந்தது, விசிலக்கா திரும்பி அதைத் தூக்கிக் காட்டிக்கூடப் பார்த்தார். எட்டவா போகிறது? கட்டடம் முழுவதையும் தூக்கிக் கொடுத்த கிரேனால் தன் கூண்டுக்கு ஒரு டம்ளர் தண்ணீரைத் தூக்கிக்கொள்ள முடியாது. கீழேயிருந்து ஏணி வழியாகத்தான் வர வேண்டும்.

"எலெக்ட்ரீஷியன் கிளம்பிட்டாப்ல, ரெண்டு பாட்டில் கட்டிக் குடுத்திருக்கேன்" என்றார் மேஸ்திரி. "கண்ணை மூடாம இருங்கண்ணே. பேசிக்கிட்டே இருங்க."

உச்சியண்ணன் சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, வருகிறவர் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடலாம் என்று உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். ஏணியில் ஒவ்வொரு காலடிக்கும் கூண்டு லேசாக அதிர்ந்தது. அந்த அதிர்வை வைத்தே ஆள் எங்கே வருகிறார் என்று அவருக்குத் தெரியும். எண்ண ஆரம்பித்தார். ஐந்தாம் மாடி. ஆறாம் மாடி. இன்னும் பன்னிரண்டு இருந்தது.